மதிய நேர டிராம்

கொல்கத்தா லேக் மார்க்கெட் அருகே, பகல் பன்னிரண்டரை மணிக்கு ஓர் அப்பாவும் ஐந்து வயது மகனும் நிற்கிறார்கள். பையனின் பள்ளிப் பை அப்பாவின் தோளில் தொங்குகிறது. ஆண்டு 2023, மழைக்காலம். பஸ் வருகிறது, ஆட்டோ வருகிறது. இருவரும் அசைவதாக இல்லை. பாலிகஞ்ச் போகும் டிராமுக்காக நிற்கிறார்கள். பாலிகஞ்சில் இவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது.

வேலை கிடையாது என்பது அப்பாவுக்கு எங்கேயுமே பொருந்தும். மூன்று வாரங்களுக்கு முன் அலுவலகத்தில் ஆள்குறைப்பு. பதினாறு வருட உழைப்புக்கு ஒரு கடிதம், ஒரு கைகுலுக்கல். மனைவிக்குத் தெரியும், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. பையனிடம் 'அப்பாவுக்கு லீவு' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் அதை நம்பியதோடு நிற்காமல் கொண்டாடவும் தொடங்கிவிட்டான். பள்ளி வாசலில் அப்பாவின் தலை தெரிந்தால் போதும், வரிசையாவது ஒன்றாவது! ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி: "நாளைக்கும் லீவுதானேப்பா?"

"நாளைக்கும் லீவுதான்டா."

அந்தப் பதிலுக்கு அவன் ஒரு துள்ளுத் துள்ளுவான். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று அப்பாவுக்குத் தெரியாது.

டிராமில் டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரத்து மர இருக்கைதான் அவனுடைய இடம். டிரைவர் காலால் மணியை மிதித்தால் இவனும் தரையை மிதிக்கிறான். எதிரே வரும் டிராமின் உச்சியில், ஈரக் கம்பியில் பொறி பறந்தால் "பட்டாசு!" என்று கத்துகிறான். கரியாஹாட்டில் பாதை பிரியும் இடத்தில், ஒருவர் இரும்புக் கம்பியால் தண்டவாளத்தை நெம்பி வழி திருப்புவதை மூச்சு விடாமல் பார்க்கிறான். சைக்கிள்காரர் டிராமை முந்திக்கொண்டு போகிறார். பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவன் சைக்கிள்காரருக்குக் கை ஆட்டுகிறான்.

அப்பாவுக்குச் சரித்திரத்தில் கொஞ்சம் ஆசை உண்டு. இந்த ஊரில் 1873-இல் முதல் டிராமைக் குதிரைகள் இழுத்தன, 1902-இல் மின்சாரம் வந்தது, நம் சென்னையிலும் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது என்று சொல்லிப் பார்த்தார். பையனுக்குக் குதிரை மட்டும் பிடித்திருந்தது.

"மின்சாரம் வந்ததும் குதிரைக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்களாப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை, கூட்டமே இல்லை. கூரையோரம் ஓடும் கயிற்றைக் கண்டக்டர் இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும், வண்டி கிளம்பும். பல நாளாக அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த பையன், "காக்கு, நான்?" என்று வங்காளமும் தமிழும் கலந்து கேட்டுவிட்டான். கண்டக்டர் சிரித்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

அதே நொடியில் அப்பாவின் செல்போன் அடித்தது. பத்து நாளாக எதிர்பார்த்த அழைப்பு.

"அப்பா, பாரு! பாரு!"

அப்பா ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சொல்லுங்க சார்" என்றார். பின்னால் மணி கேட்டது. வண்டி குலுங்கிக் கிளம்பியது. இன்னொரு முறை மணி. கண்டக்டரின் சிரிப்பு. பேசி முடித்துத் திரும்பியபோது பையன் இருக்கைக்கு வந்துவிட்டிருந்தான். உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியாப்பா?"

"பார்த்தேன்டா. நல்லா அடிச்சே."

லீவு என்று சொன்ன பொய்யை மனைவியோடு பகிர்ந்துகொள்ள முடிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று கண்டக்டருக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரத்தில் வேலை கிடைத்தது. அதே ஊரில், பழைய சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவாக. சந்தேஷ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "லீவு முடிஞ்சுபோச்சு கண்ணா" என்று அவர் சொன்னதும் பையனின் உதடு பிதுங்கியது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு இனிப்புப் பெட்டியைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, சமையலறைக் கதவின் கொண்டியில் கட்டி, இழுத்து இழுத்து இரவு ஒன்பது மணிவரை வீட்டையே பாலிகஞ்சுக்கு ஓட்டினான். சந்தேஷை மறுநாள்தான் தின்றான். மதிய டிராமைப் பற்றி அதன் பிறகு கேட்கவே இல்லை. புது அலுவலகத்தில் பன்னிரண்டரை ஆனால் தவிப்பது அப்பாதான்.

2024 செப்டம்பரில், எஸ்பிளனேட் – மைதானம் தடம் ஒன்றைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். அன்று மாலை அப்பா சீக்கிரமே வீடு திரும்பினார். பையன் மாடிப்படியில் குப்புறப் படுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், எப்படித் தொடங்குவது என்று யோசித்து, மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

"சரிப்பா," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. எறும்பு போற வழியிலே கால் வெச்சிருக்கே."