சில்ஜாங் அம்மாளும் நம்ம பெண்ணின் மூக்கும்

சியோல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சிநேகிதிக்கு,

இங்கே வந்து பதினோரு நாள் ஆகிறது. புளிக்காத தயிருக்குக்கூட நாக்கு பழகிவிட்டது. இந்த மூக்கு விவகாரத்துக்குத்தான் மனசு பழக மாட்டேன் என்கிறது.

சின்னக்கா மகள் ஆறு வயதில் உங்கள் வீட்டுக் கொல்லை ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்தாளே, அந்த மூக்குதான். அன்றைக்கு ஐஸ் கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்ததோடு நாம் மறந்துவிட்டோம். உள்ளே நடுச்சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது துவாரத்தில் பாதிக் காற்றுதான் போகிறதாம். வெளியே மேட்டில் ஒரு புடைப்பு. சுவாசத்தைச் சரிசெய்யும்போதே புடைப்பையும் சீவிவிட வேண்டும் என்கிறாள். எட்டு வருஷமாக இங்கே வேலை, கொரிய மொழி தண்ணீராக வருகிறது, சம்பளம் அவளுடையது. நான் வந்திருப்பது துணைக்கு.

ஆரஞ்சு நிற மூன்றாம் எண் மெட்ரோவில் அப்குஜங்கில் இறங்கினால், நம்ம ஊரில் நகைக்கடை வீதி மாதிரி இங்கே மூக்குக்கடை வீதி. மாடிக்கு மாடி மூக்கும் கண்ணும் தாடையும்தான். காபிக் கடையில் மூக்கின்மேல் பிளாஸ்திரியோடு ஒரு பெண் உட்கார்ந்து லேப்டாப் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அப்குஜங் என்றால் கடற்காகங்களோடு சிநேகமாக இருக்கும் மண்டபமாம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஹான் மியோங்ஹ்வே என்ற மந்திரி ஆற்றங்கரையில் கட்டியது. இப்போது மண்டபமும் இல்லை, காகமும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

முதலில் போன இடத்தைச் சொல்கிறேன், கேள். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, எலுமிச்சைத் தண்ணீர். டாக்டரைப் பார்க்கப் போனோமா, எங்களை உட்காரவைத்துப் பேசியது ‘சில்ஜாங்’. டாக்டர் இல்லை, ஆலோசனை சொல்லி விலை பேசுகிற மேலாளர். அந்த அம்மாள் இவள் முகத்தை ஒரு படம் எடுத்துக் கணினியில் போட்டாள். பிறகு ஆரம்பித்தது. மூக்கு மேட்டில் சிலிகான் வைக்கலாம், நுனிக்குக் காதிலிருந்து குருத்தெலும்பு எடுக்கலாம், கூடவே கண்ணையும் பார்த்துக்கொள்ளலாம், தாடை கொஞ்சம் கூராக இருந்தால் நன்றாயிருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புடைப்பைக் குறைக்க வந்தவளுக்கு மேட்டை உயர்த்துவானேன்? அப்புறம்தான் புரிந்தது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தாழ்ந்த மேட்டை உயர்த்திக்கொள்ள வருகிறவர்கள். சுவரில் மாட்டியிருந்த ‘முன்–பின்’ படங்கள் அத்தனையும் அப்படித்தான். ‘முன்’ படத்தில் மங்கல் வெளிச்சம், உம்மென்ற முகம். ‘பின்’ படத்தில் பவுடரும் புன்சிரிப்பும். “எங்கள் மூக்கு மாதிரி ஒன்றைக் குறைத்த படம் இருக்கிறதா என்று கேள்” என்றேன். சில்ஜாங் அம்மாள் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காததைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

உச்சம் இனிமேல்தான். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி, துவாரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, “இந்தத் தழும்பையும் மூடிவிடலாம்” என்று அதற்கொரு விலை எழுதினாள். தழும்பாமே! ஆசாரி குத்திய அன்றைக்கு இவள் போட்ட அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. அதை மூட இங்கே காசு கேட்கிறார்கள். டாக்டர் வந்தார், ஐந்து நிமிஷம் இருந்தார், மூக்குக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் போனதும் சில்ஜாங் அம்மாள், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றாள். ஆடி மாசம் கொரியாவுக்கும் வந்துவிட்டது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பெயர்ப்பலகை படிக்கச் சொல்லிக்கொடுத்தாள் நம்ம பெண். இந்த ஊரில் டாக்டர் உரிமம் வைத்திருக்கிற யாரும் அழகு அறுவை செய்யலாம், சட்டம் தடுக்காது. ஆனால் கிளினிக்கின் பெயரிலேயே ‘சோங்ஹியோங் வேக்வா’, அதாவது அழகு அறுவைத் துறை, என்று எழுத, அந்தத் துறையில் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் வெறுமனே கிளினிக் என்று போட்டு, பக்கத்தில் ‘சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதி அதே சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். நாங்கள் வெளியே வந்த இடத்தின் பலகையில் அந்தச் ‘சிகிச்சைப் பிரிவு’ பொடி எழுத்தில் இருந்தது.

அதைவிடப் பயம் தந்தது இன்னொன்று. பேசுகிறவர் ஒருவர், மயக்கம் கொடுத்தபின் வெட்டுகிறவர் வேறொருவர். இதற்குப் ‘பேய் அறுவை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2016இல் தாடை அறுவைக்குப் படுத்த ஒரு மாணவர், டாக்டர் பாதியில் எழுந்து போக, ரத்தம் நிற்காமல் பிறகு இறந்துபோனார். அவர் அம்மா அறையின் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நிமிஷக் கணக்கு எழுதிப் போராடினாள். மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை அறையில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததில் அந்த அம்மாவின் பங்கு பெரியது. ஆனால் நாம் கேட்டால்தான் பதிவு செய்வார்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

நேற்று வேறொரு டாக்டரைப் பார்த்தோம். நரைத்த தலை, சின்ன அறை, எலுமிச்சைத் தண்ணீர் இல்லை. விளக்கடித்து இரண்டு துவாரத்தையும் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். புடைப்பு சீவிய மூக்குகளின் படங்கள், பக்கவாட்டில் எடுத்தவை, ஒரே வெளிச்சத்தில் காட்டினார். நடுச்சுவரை நேராக்கலாம், புடைப்பைக் குறைக்கலாம். நுனி மெலியாது, தோல் தடிப்பு, அதை யாராலும் மாற்ற முடியாது என்றார். வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம் ஆகுமாம். “வெட்டுவது நீங்கள்தானா? மயக்க டாக்டர் கடைசிவரை இருப்பாரா? கேமராவில் பதிவு செய்வீர்களா?” என்று கேட்கச் சொன்னேன். மூன்றுக்கும் ஆம் என்றார், முகம் சுளிக்காமல்.

இந்தியாவா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நெற்றித் தோலை இறக்கி மூக்குக் கட்டும் வித்தை உங்கள் ஊருடையதுதானே என்றார். திப்புவின் ஆட்கள் மூக்கை அறுத்துவிட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் அப்படிக் கட்டியதை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று எழுத, அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற வெள்ளைக்கார டாக்டர் 1814இல் செய்து பார்த்தாராம். மூக்கறுப்புப் போர் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நமக்கு மூக்கு ஒட்டியவர்களைப் பற்றி ஒரு வரி சொல்லித்தரவில்லை பார்.

மூக்குத்தி? அறுவைக்கு முன் கழற்றச் சொன்னார். எப்போது திரும்பப் போடலாம் என்று அவராகவே சொன்னார்.

இன்று ராத்திரி பூசணிக் கஞ்சி குடித்துப் பார்த்தோம். வீக்கம் வடியும் என்று இங்கே அறுவைக்குப்பின் கொடுக்கிறார்கள். இனிப்பு. ஊறுகாய் இல்லாமல் எனக்கு இறங்கவில்லை.

அறுவை வருகிற புதன்கிழமை. சின்னக்காவிடம் சுவாசத்துக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். புடைப்பைப் பற்றி நீ மூச்சு விடாதேடி.

உன்
சிநேகிதி