நடைபாதையில் விற்ற கல்யாணங்கள்

2000-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் வேலை பார்த்தேன். சாயங்காலமானால் நடைபாதை முழுக்க விசிடி கடைதான். ஒரு பலகை, மேலே தார்ப்பாய், சின்ன டிவி, காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர். அந்த ஊர்ப் புழுக்கத்தில் வீடியோ நாடா பூஞ்சை பிடித்துவிடும். தட்டுக்கு அந்த வம்பு இல்லை. சீன பிளேயரும் மலிவு.

சினிமாவைவிட எனக்குப் பிடித்தவை கிழக்கு ஜாவாக் கல்யாண வீட்டுக் கச்சேரிப் பதிவுகள். டாங்டுட் பாட்டு, அதிலும் அடி வேகமான கொப்லோ. பழைய இந்திப் பட மெட்டுகளில் ஊறிய இசை என்பதால் காதுக்கு அந்நியமாக இருக்காது. பாட்டின் நடுவே யாராவது மேடையேறி நோட்டு நீட்டுவார்கள். பாடகி பல்லவியை அப்படியே விட்டுவிட்டு அவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லுவாள். முன்வரிசைக் கிழவி கொட்டாவி விடுவதும் பதிவில் இருக்கும்.

பசுருவான்காரரான பாடகி இனுல் தராதிஸ்தா அப்படித்தான் நாட்டுக்குத் தெரியவந்தார். யாரோ எடுத்து, யாரோ நகலெடுத்து விற்ற தட்டுகள் தீவுக்குத் தீவு போயின. இடுப்பைத் துளைக் கருவிபோல் சுழற்றும் அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி கதவைத் திறந்தது பிறகுதான். 2003-இல் ‘டாங்டுட் ராஜா’ ரோமா இரமா அவரைக் கடுமையாகக் கண்டித்தார்; இனுலின் பேர் இன்னும் பெருகியது. இணையக் காணொளியின் சாதனை என்று இன்று நாம் வியப்பதைத் திருட்டு விசிடி முன்பே செய்து முடித்துவிட்டது என்பேன்.

2011-இல் யூடியூபின் முறை. கொரொந்தாலோவில் நோர்மன் கமாரு என்ற போலீஸ்காரர் சீருடையோடு உட்கார்ந்து ‘சைய்ய சைய்ய’வுக்கு வாயசைத்தார். ரகுமானின் மெட்டு, நமக்கு ‘தையா தையா’. நாடே கொண்டாடியது. வருடம் முடிவதற்குள் வேலை போயிற்று; பின்னாளில் ஜகார்த்தாவில் கஞ்சி விற்றார். இனுலோ தன் பெயரிலேயே கரோக்கே கடைகள் திறந்தார்.

இப்போது கொப்லோ கச்சேரிகள் நேரலையிலேயே வருகின்றன, ஒலியும் துல்லியம். பழைய விசிடிகளை ஏற்றுகிறவர்கள்தான் பாட்டை மட்டும் நறுக்கி ஏற்றுகிறார்கள். நோட்டு கொடுத்தவர் பெயர் போச்சு, கிழவியும் போச்சு. அந்தக் காலத்தில் இந்தோனேசியாவில் இருந்தவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தட்டு ஏதும் கிடந்தால், பூச்சு உரியும் முன் நகலெடுத்து வையுங்கள். தயவுசெய்து வெட்டாமல்.