கற்பூரச் செலவு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, முதற்கண் எம் நினைவுக்கு வந்தது 3 ரூபா 75 சதம் பெறுமதியான கற்பூரமே. ஒருபோதும் எரியாத அக்கற்பூரம் எமக்கு முதல் உத்தியோகத்தைத் தேடித் தந்த வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1968ஆம் ஆண்டு விடுதி வாணி விழாவுக்கு நாம் பொருளாளராயிருந்தோம். விழா முடிந்து கணக்கை ஒப்புவிக்கும் வேளையில் 3 ரூபா 75 சதம் குறைந்தது. அது சென்ற வழி அறியோம். நாணத்தால் அதனைக் ‘கற்பூரச் செலவு’ என எழுதிக் கணக்கைச் சரிக்கட்டினோம். பொறுப்பாசிரியர் ஏட்டைப் பார்த்தார். பின் எம்மைப் பார்த்தார். “தம்பி, இவ்வளவு கற்பூரம் எரிந்திருந்தால் மண்டபமும் அல்லவோ எரிந்திருக்கும்! காசு குறைந்தது கவலையீனம். அதை மறைத்தது பொய். குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதும்” என்றார். நாமும் அடித்துவிட்டு அவ்வாறே எழுதினோம்.

1969இல் வர்த்தகப் பிரிவிற் சித்தியெய்தி, இரண்டு நற்சான்றுப் பத்திரங்களுடன் யாழ்தேவியில் ஏறிக் கொழும்பை அடைந்தோம். கொட்டாஞ்சேனையில் உறவினர் ஒருவர் வீட்டு விறாந்தையே எமக்கு இருப்பிடம். விண்ணப்பித்த இடமெல்லாம் வினவியது ஒன்றே: “அனுபவம் உண்டோ?” வேலையின்றி அனுபவம் வராது, அனுபவமின்றி வேலை கிட்டாது. இவ்வாறு நான்கு திங்கள் கழிந்தன. இல்லாத அனுபவத்தை உண்டெனக் கூறுமாறு நண்பர் சிலர் புத்தி சொன்னார்கள்.

ஈற்றிற் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்துக்கு நேர்முகத்துக்காகச் சென்றோம். முதலாளி அதே வினாவை விடுத்தார். “இல்லை ஐயா, விடுதி விழாக் கணக்கு மாத்திரம் எழுதியுள்ளேன்” என்று கூறி, கற்பூரக் கதையையும் ஒளியாது சொன்னோம். அவர் நகைத்தார். “நாளைக்கே வாரும் தம்பி, மாதம் 125 ரூபா” என்றார்.

ஆயினும் உண்மையான சோதனை மார்ச் 31இற்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதே வந்தது. பரீட்சை மீதியில் வரவுப் பக்கத்திலும் செலவுப் பக்கம் 270 ரூபா குறைந்து நின்றது. இரண்டு இரவுகள் கூட்டிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. “பற்பல செலவிற் போட்டுத் தள்ளும், யார் பார்க்கப் போகிறார்?” என்றார் உடன் வேலை செய்த ஒருவர். பேனாவை எடுத்தோம். எழுத மனம் ஒருப்படவில்லை. முதலாளியிடம் சென்று, “ஐயா, 270 ரூபா இடிக்கிறது, எங்கேயென்று தெரியவில்லை” என்றோம்.

அவர் சினந்தாரல்லர். முதிய கணக்குப்பிள்ளையை அழைத்தார். அம்முதியவர் முதலில் 270இன் பாதியாகிய 135ஐத் தேடச் செய்தார்; ஒரு தொகை பக்கம் மாறி விழுந்திருந்தால் அதன் இருமடங்கே வித்தியாசமாக வரும். அவ்வாறு எதுவும் இல்லை. பின் 270ஐ 9ஆல் வகுத்தார்; மீதியின்றி வகுபட்டது. “இலக்கம் இடம் மாறியிருக்கக் கூடும். நூறாமிடமும் பத்தாமிடமும் மூன்றால் வேறுபடும் தொகையைப் பாரும்” என்றார். அரைமணி நேரத்துள் அகப்பட்டது. வடக்கிலிருந்து வெங்காயம் அனுப்பிய ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய 1,520 ரூபா, பேரேட்டில் எமது கையாலேயே 1,250 என எழுதப்பட்டிருந்தது. பற்பல செலவில் அதைப் புதைத்திருந்தால், எமது இருமாதச் சம்பளத்திலும் மிக்க தொகையை, முகமறியாத ஒரு மனிதர் இழந்திருப்பார். அதை எண்ணுந்தோறும் இன்றும் எம் நெஞ்சு நடுங்குகின்றது.

இக்காலத்தில் கணினியே கூட்டுகின்றது. இரு பக்கமும் தாமே சமப்படுகின்றன. ஆனால் 1,520ஐ 1,250 என உள்ளிட்டால், கணினி அப்பிழையை இரு பக்கத்திலும் எழுதிச் சமமாகவே காட்டும். ஆதலால் மூலப் பற்றுச்சீட்டைப் பார்க்கும் கண்ணும், பிழையை ஒப்பும் நாவும் முன்னையினும் இன்று வேண்டப்படுகின்றன.

வேலை தேடப் புறப்படும் தம்பிமாரே! அனுபவமில்லையென வருந்தற்க. விளையாட்டுக் குழுவின் சந்தாவாயினும், மன்றத்தின் தேநீர்ச் செலவாயினும், ஒரு கணக்கைப் பொறுப்பேற்றுச் சதம் பிசகாது எழுதிப் பழகுக. பிசகினால் பிசகியது என்றே எழுதுக. அனுபவம் உண்டோ என வினவுவார்க்கு அதையே விடையாகக் கூறுக. எமக்கு அவ்விடையைத் தந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!