பெல்ட்டுக்கு வொரண்டி இல்ல, மல்லி

தோட்டத்தில் யாரிடமாவது ஒரு வேன் இருந்தால் அது ஊருக்கே சொந்தம். பசறைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் மாமாவின் டொல்பின் வேன் அப்படித்தான். கிளினிக் நாளில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவது அதில். கலைப்பீடம் கிடைத்த நாங்கள் மூன்று பேரும் பெட்டியோடு ஏறியதும் அதில்தான்.

மாமா அதை 2023இல் வாங்கினார். அத்தை பேர் பதிந்து கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றபோது வந்த ஈ.பி.எஃப். காசு, மீதி வட்டிக்கு எடுத்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளே கை மாறிக் கை மாறி வந்தன. விலையும் ஏறியது, வயதும் ஏறியது. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபா. அதையே எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு 2021இல்தான் கொடுத்தார்கள். அந்தக் காசில் மிச்சம் பிடித்து வாங்கிய வேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. கிளினிக் ஆட்களோடு பதுளையை நோக்கி இறங்கும்போது டாஷ்போர்டில் பெட்டரி லைட் பற்றியிருக்கிறது. சார்ஜ் பிரச்சினை, டவுனில் பார்ப்போம் என்று மாமா ஓட்டியிருக்கிறார். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டில் சாய்த்து நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குள் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

அறுந்தது ஒரு ஃபேன் பெல்ட்.

பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்களும் கேட்டோம். கராஜ் பாஸ் போனெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின் சுற்றும் சுற்றை மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுபோவது இந்த ரப்பர் வார்தான். அல்டர்னேட்டரும் தண்ணீர் பம்பும் அதில்தான் சுற்றுகின்றன. இந்த மாதிரிப் பழைய டீசல் வேன்களில் அல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒரு வெக்கியூம் பம்ப் இருக்கிறது. பிரேக்கை லேசாக்கிக் கொடுப்பது அந்த வெக்கியூம். பெல்ட் அறுந்தால் முதலில் பெட்டரி லைட். அதன்பின் மிச்சமிருக்கும் வெக்கியூமில் சில தடவை பிரேக் பிடிக்கலாம். அது தீர்ந்தால் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். தண்ணீரும் ஓடாததால் எஞ்சின் சூடேறும். சமதரையில் இது ஒரு செலவு. நம்முடைய இறக்கங்களில் உயிர் விஷயம்.

எப்போது மாற்றுவது? ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். ஃபேன் பெல்ட்டுக்குப் பொதுவாக 60,000 முதல் 100,000 கிலோமீட்டர் என்பார்கள். ஆனால் மீட்டர் எண்ணுவது சக்கரம் ஓடிய தூரத்தை, பெல்ட் தேய்வதோ எஞ்சின் சுற்றிய சுற்றில். லுணுகலைக்கோ நமுனுகுலைக்கோ ஒன்றாம் இரண்டாம் கியரில் ஏறும் வேன், அதே ஒரு கிலோமீட்டருக்குக் கொழும்பு வேனை விடப் பல மடங்கு சுற்றுகிறது. ஆக கையேட்டுக் கணக்கை மலைக்கு அப்படியே எடுக்கக் கூடாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காயும், அதனால் நாலைந்து வருடம் ஆனால் மீட்டரைப் பார்க்காமலே மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டியில் அந்த மீட்டரே உண்மை சொல்கிறதா என்பது வேறு கேள்வி.

பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பழைய வகை ரப்பர் வெடிப்பு விடும். 1990களின் கடைசியிலிருந்து வந்த புது வகை ரப்பர் லேசில் வெடிக்காது, உள்பக்கக் கோடுகள் டயர் மாதிரித் தேய்ந்து ஆழமாகும். "வெடிப்பே இல்ல, நல்ல பெல்ட்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீங்க. பனி விழும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயில் பட்டிருக்கலாம், புல்லி நேராக இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் தெளித்துச் சத்தத்தை அடக்குவது வைத்தியம் இல்லை.

எஞ்சினுக்குள் மூடியிருக்கும் டைமிங் பெல்ட் வேறு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகலாம். டொயோட்டா டீசல் வண்டிகள் பலவற்றில் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எரியும் 'டி-பெல்ட்' லைட் உண்டு. வாங்கும்போது சாவியை ஒரு படி திருப்பி மற்ற லைட்டுகளோடு அதுவும் பற்றுகிறதா பாருங்க. பற்றாவிட்டால் பல்ப் கழன்றிருக்கிறதா, கழற்றியிருக்கிறார்களா என்று கேளுங்க.

இனி வொரண்டிக்கு வருவோம். சேலில் கொடுத்த தாள் ஒன்று மாமாவின் அலுமாரியில் இருந்தது. எஞ்சின், கியர் பொக்ஸ், மூன்று மாதம். முழுக்க ஆங்கிலம். மாமா கையெழுத்துப் போட்டிருந்தார், வாசித்திருக்கவில்லை. வாசிக்க முடியாது. விற்றவரிடம் போனால் சிரித்தபடியே சொன்னார்: "பெல்ட்டுக்கு வொரண்டி இல்ல, மல்லி."

நாங்கள் அந்தத் தாளை விரித்து வரி வரியாகத் தமிழில் எழுதினோம். அவர் சொன்னது சரிதான். பெல்ட், கிளட்ச், பிரேக் பேட், டயர் எல்லாம் தேயும் பொருள், சேராது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: தேயும் பொருளால் எஞ்சினுக்கு வரும் சேதமும் சேராது. அதாவது எஞ்சினுக்கு வொரண்டி உண்டு, ஆனால் எஞ்சின் எதனால் கெட்டது என்று பார்த்தபின்.

ஆனால் விற்கும் அன்று அவர் "பெல்ட் எல்லாம் புதுசு" என்று சொன்னதை மாமாவோடு போன இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கழற்றிய பெல்ட்டைப் புதுசு என்று யாரும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் முறையிடலாம் என்று இருக்கிறது. எழுத்தில்தான் முறையிட வேண்டும், விற்று மூன்று மாதத்துக்குள். நாங்கள் தமிழில் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரதியை அவர் மேசையில் வைத்தோம். சாட்சிகளின் பெயரும் பெல்ட்டின் படமும் இருந்தன. இரண்டு நாளில் ஹெட் வேலைக்கான சாமான் செலவில் பாதியைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். மாமா வாங்கிக்கொண்டார். வேன் நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுது, வழக்குப் பேச நேரமில்லை என்றார். பாதிதான் நியாயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனாலும் முடிவு எடுக்க வேண்டியவர் அவர்.

தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. அரச படிவத்தைத் தமிழில் கேட்க முடிகிறது. ஒரு வேன் சேலின் வொரண்டித் தாளைத் தமிழில் தரச் சொல்லி எந்தக் கட்டாயமும் நமக்குத் தெரிய இல்லை. அதுவரை தோட்டத்திலிருந்து கெம்பஸ் போன நம்மைப் போன்றவர்கள் கையெழுத்துக்கு முன்னால் கூடப் போகலாம். மாமாவோடு, அத்தையோடு, பக்கத்து லயத்து அண்ணனோடு. தாளை வாசித்துச் சொல்லலாம். வாயால் சொன்னதை, "பெல்ட் மாற்றியது இந்தத் திகதி, இத்தனை கிலோமீட்டரில்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். ஒரு நாள் லெக்சர் போகும், போகட்டும்.