எந்தச் சிவப்பு?

பழைய மாஸி பெர்குசன் 1035-ஐப் பிரித்துப் போட்டுப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினுக்காகப் படுகிற கவலையில் பாதிகூட நிறத்துக்காகப் படுவதில்லை. கடையில் போய்ச் சிவப்பு எனாமல் என்று கேட்டுக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்தச் சிவப்புக்கும் சாம்பலுக்கும் பூர்வீகம் உண்டு. கவென்ட்ரியில் 1946 முதல் உருவான ஹாரி பெர்குசனின் டிஇ20 முழுக்கச் சாம்பல் நிறம். கனடாவின் மாஸி-ஹாரிஸ் டிராக்டர்கள் சிவப்பு. 1953-இல் இரண்டு கம்பெனியும் ஒன்றாயின. 1957 கடைசியில், தகடெல்லாம் சிவப்பு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சாம்பல் என்று 35 மாடல் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கிய பிறகு அந்த இரட்டை நிறம் நம் வயல்களிலும் இறங்கியது.

எங்கள் வண்டி அப்பா வாங்கியது. வெயிலில் நின்று நின்று பானெட் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். வீட்டில் எல்லோருக்கும் அந்த வெளிறிய நிறம்தான் நினைவு. ஆனால் நம்பர் பிளேட்டைக் கழற்றி, அடியில் இருந்த கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு அசல் நிறம் அப்படியே இருந்தது. கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த, அழுத்தமான சிவப்பு. பேட்டரிப் பெட்டிக்கு அடியிலும் அதே நிறம். வெயில் படாத இடம்தான் நம்பத்தக்க சாட்சி. அந்த இடத்தைச் சுரண்டாமல் கடைசிவரை காப்பாற்றி வைக்க வேண்டும்.

மற்ற இடங்களைச் சுரண்டும்போதும் அவசரம் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டிலேயே ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். கிரைண்டரைப் பிடித்துத் தூசி பறக்க விடுவதைவிட, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பது மேல். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

கலர் கலக்குவதுதான் இந்த வேலையின் உயிர் என்பேன். டின்னைத் திறந்ததும் ஊற்றக் கூடாது. நிறமெல்லாம் அடியில் படிந்து கிடக்கும். தட்டைக் குச்சியால் அடியிலிருந்து வழித்துக் கிளற வேண்டும். இரண்டு டின் என்றால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பானெட் ஒரு சிவப்பு, மட்கார்டு ஒரு சிவப்பு என்றாகிவிடும். சிவப்பை ஆரஞ்சுக்கு இழுக்க மஞ்சள் சொட்டுச் சொட்டாகப் போதும். வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகும். கறுப்பு ஒரு சொட்டு கூடினாலும் மெரூனுக்கு ஓடிவிடும், பிறகு திரும்பாது. கலந்ததைத் தகரத் துண்டில் அடித்து, காயவிட்டுத்தான் ஒத்துப் பார்க்கணும். ஈரத்தில் தெரிகிற நிறம் வேறு, காய்ந்தபின் வேறு.

எங்களுக்கு அடித்துக் கொடுத்த பெயிண்டர் என்னைவிட இளையவர். ஷெட்டுக்குள் தகரத்தைத் தூக்கிப் பிடித்து "சரியா வந்துருச்சு" என்று நான் சொன்னதும், "அண்ணே, டியூப் லைட்ல பாக்காதீங்க, வெளிய வாங்க" என்றார். வெயிலில் வைத்தால் தகரமும் அசல் நிறமும் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னும் சில சொட்டு மஞ்சள் விட்ட பிறகுதான் தகரமும் அந்த உள்ளங்கை அகலமும் சேர்ந்தன.

தின்னர் கலந்த பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஸ்ப்ரே கன்னில் ஊற்றினார். கெட்டியாக இருந்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக விழும், நீர்த்துப் போனால் வழியும். முதல் நாள் சாம்பல் பிரைமர் அடித்துத் தேய்த்திருந்தோம். சிவப்புக்கு மூடும் சக்தி குறைவு, அடியில் நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் மேலேயும் காட்டிக் கொடுக்கும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரை வெளியேற்றினார். இதைச் செய்யாத பட்டறைகளில்தான் பின்னால் கொப்புளம் கிளம்பும்.

அவர் கை போனதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மணிக்கட்டைச் சுழற்றவில்லை; தோளிலிருந்து முழுக் கையும் தகட்டுக்கு இணையாக, முக்கால் அடி தள்ளி நகர்ந்தது. தகட்டின் ஓரத்துக்கு முன்பே ட்ரிகரை அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகு விட்டார். அடுத்த ஓட்டம் முந்தியதில் பாதியை மூடிக்கொண்டு வந்தது. முதலில் லேசான தூவல். அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு ஈரக் கோட். நடுவில் விட்டுவிட்டு மறுநாள் வந்து அடித்தால், பாதி காய்ந்த எனாமலுக்குள் தின்னர் இறங்கிச் சுருங்கித் தூக்கிவிடும் என்று, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் முடித்தார்.

பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும் என்று பலரும் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து கார் போலப் பளபளத்து வரவில்லை, உழவுக்கு வந்தது. அதைவிடப் பெரிய காரணம், பியு பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட். நுரையீரலுக்குள் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதை அடிக்கிற பையன்களைப் பட்டறைகளில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. துணி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்கிறவர்களும் பொறுப்பாளிகள்தான்.

சாம்பல் பகுதி சீக்கிரம் முடிந்தது. கிரீஸ் நிப்பிள்களிலும் சேஸிஸ் நம்பரிலும் விழுந்த பெயிண்டை உடனே துடைத்தெடுத்தோம். மட்கார்டில் அப்பா காலத்து நசுங்கல் ஒன்று இருந்தது. பட்டி வைத்து மறைக்கட்டுமா என்று பெயிண்டர் கேட்டார், வேண்டாம் என்றேன்.

தொட்டால் ஒட்டாது என்பதால் எனாமல் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் டீசல் சிந்தினால் அந்த இடம் இளகி மங்கிப்போகும். அதனால் டேங்கில் இன்னும் டீசல் ஊற்றவில்லை. உழவுக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தப் பட்டத்துக்கு வேறு வண்டி பாருங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.