சூரைச்செடியின் கீழே



ஒருவர் மனச்சோர்வுற்றால், "விசுவாசம் குறைந்துவிட்டது" என்பார் சிலர். "மூளையில் ஏதோ கோளாறு" என்பார் வேறு சிலர். இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: குறை அவருக்குள்ளேதான் இருக்கிறது.

மேற்கத்திய உளவியலின் பெரும்பகுதியும் அங்கேதான் தொடங்கியது. தனிமனிதனின் நினைவுகளையும் அச்சங்களையும் ஓர் அறைக்குள் அமர்ந்து ஆராய்வதே அதன் வழி. இறையியல் கல்லூரியில் நான் கற்ற ஆற்றுப்படுத்தல் பாடமும் அத்தகையதே: இரண்டு நாற்காலிகள், மூடிய கதவு. அரவேணுவில் எவரும் அப்படி வந்து அமர்வதில்லை. கொழுந்து எடுத்துத் திரும்பும் வழியிலோ, லைன் வீட்டு வாசலிலோ மனம் திறக்கிறது. அப்பேச்சும் பெரும்பாலும் "எங்களுக்கு" என்றே தொடங்குகிறது.

1965-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஸ்வாம்ஸ்காட் என்னும் ஊரில் கூடிய உளவியலாளர்கள் வேறொரு வழியைத் தேடினர். நோயுற்றவர் வரும்வரை காத்திராமல், நோயை விளைவிக்கும் வறுமையையும் தனிமையையும் ஒதுக்கப்படுதலையும் ஆராய வேண்டும். மக்களிடம் ஏற்கெனவே உள்ள பலத்தைக் கண்டறிய வேண்டும் என்றனர். அதுவே சமுதாய உளவியல். பின்னர் எல் சால்வடோர் நாட்டில், இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்னும் இயேசு சபைக் குரு, போரினால் மக்கள் அடைந்த காயத்தைத் தனிமனித நோயாக மட்டும் கருதலாகாது என்று எழுதினார். 1989 நவம்பர் 16 அன்று அந்நாட்டு இராணுவத்தினர் அவரைக் கொன்றனர்.

நம் மலையிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1964-இல் செய்யப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென இரு அரசுகளும் முடிவு செய்தன. அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அவ்வாறு கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்த ஒரு தாய் உறக்கமின்றித் தவித்தால், அவருக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆயினும் கப்பலேறிய அந்த நாளை மாத்திரை ஆற்றிவிடாது. அதைக் கேட்கும் செவிகளும் வேண்டும். பசுந்தேயிலை விலை சரியும்போது பல வீடுகளில் ஒரே காலத்தில் நுழையும் துயரமும் இத்தகையதே.

சுற்றுப்புறத்தை மாற்றினால் உயிர் காக்க இயலுமா? சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். அவரும் உடன் பணியாளரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி செய்தனர். வீடுகளில் வைத்திருந்த பூச்சிமருந்தைப் பொதுக் கிடங்கில், குடும்பத்திற்கொரு பூட்டிய பெட்டியில் வைக்கச் செய்தனர். அக்கிராமங்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்தன என்று 2013-இல் வெளியான அவர்களது ஆய்வு கூறுகிறது. துயரம் மிகுந்த ஓர் இரவில் ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவே. ஓர் ஊர் சேர்ந்து எடுத்த முடிவு, யாரென்று தெரியாத சிலரின் உயிரைக் காத்தது.

இப்போது எலியா தீர்க்கதரிசியை நினையுங்கள் (1 இராஜாக்கள் 19). சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்திருந்த அவரைக் கர்த்தர் விசுவாசக் குறைவுள்ளவர் என்று கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார். தான் ஒருவனே மீந்திருப்பதாக எண்ணிய அவருக்கு இன்னும் ஏழாயிரம் பேர் உண்டென்று அறிவித்தார். எலிசாவைத் துணையாகக் காட்டினார். உடலுக்கு உணவு, உள்ளத்திற்கு உறவு: இரண்டையும் தேவன் அளித்தார்.

ஆகவே மருத்துவரிடம் செல்வோரைத் தடுக்காதீர்கள், துணையாகச் செல்லுங்கள். ஆராதனையில் எவருடைய இடம் சில வாரங்களாகக் காலியாக உள்ளது என்று பார்த்து, அவ்வீட்டுக்குச் செல்லுங்கள். அறிவுரைக்கு முன் உணவு கொண்டுபோங்கள். தோட்டத்து மருந்துகளைப் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல், அவரைத் தனியே விடாமல், 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, சூரைச்செடியின் கீழே கிடப்போரை நாங்கள் காணவும், கையில் அப்பத்தோடு அவர்களிடம் செல்லவும் எங்கள் சபையைப் பழக்குவியும். ஆமென்.