மறுபடியும் 'எல்'!

சென்னையில் 12 வருஷம் கார் ஓட்டியவள் நான். லண்டனில் குடியேறியதும், இந்திய லைசென்ஸைக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்றுதான் நினைத்தேன். நம் நாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாதாம்! குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அப்புறம் விதிகளில் ஒரு பரீட்சை, வீதியில் ஒரு பரீட்சை. அடுத்த வீட்டு ஜப்பானிய மாது மட்டும் பரீட்சை இல்லாமலே மாற்றிக் கொண்டுவிட்டாள். வயிற்றெரிச்சல்தான், போங்கள்!

காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்'. பழகுகிறவர் பக்கத்தில், மூன்று வருஷமாவது முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் உட்கார வேண்டுமாம். வீட்டில் அந்தத் தகுதி யாருக்கு? எனக்கு முன்பே இங்கு வந்து தேறிவிட்ட என் கணவருக்கு! கிளட்ச் எது, பிரேக் எது என்று சென்னையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"கண்ணாடியைப் பார்த்தாயா?" என்றார், முதல் திருப்பத்தில்.

"பார்த்தேன், ஸார்!" என்றேன்.